நாள்தோறும் ஒரு பாட்டு வகுப்பு

பொதுப்பள்ளிகளில் இசை கற்பிப்பதைப் பற்றி ஆராயப் புகும் எவரும், ஒரு கோடிக்கும் சற்றுக் குறைவான மக்களே வாழும் ஹங்கேரியைத் தவிர்த்துவிட்டுச் செல்ல இயலாது. இரண்டாம் உலகப் போரில் பாலங்களும் ஆலைகளும் நொறுங்கிக் கிடந்த அந்த நாடு, பியானோ வாங்கவும் வயலின் வாங்கவும் வழியற்ற குழந்தைகளுக்குக் குரல் ஒன்றையே கருவியாகக் கொண்டு இசையின் எழுத்தறிவைக் கற்பிக்க முடியும் என்று காட்டியது; அந்த முயற்சி பின்னர் பல கண்டங்களின் பள்ளிகளுக்கு முன்மாதிரியாயிற்று. இசை எழுத்தறிவு என்பது, எழுதப்பட்ட சுரங்களைக் கண்டவுடன் பிழையின்றிப் பாடவும், காதால் கேட்ட மெட்டைத் தானே எழுதவும் இயலும் திறன். தாய்மொழியில் படிக்கவும் எழுதவும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை இதிலும் உண்டு என்பதே ஹங்கேரிய இசைக்கல்வியின் அடிப்படைக் கொள்கை.

பள்ளிப் பாடத்திட்டத்தில் இசையை முதலில் சேர்த்த நாடு ஹங்கேரி அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லோவெல் மேசன் என்ற இசையாசிரியர் ஒரு பள்ளியில் ஊதியம் பெறாமலேயே கற்பித்துக் காட்டிய பின், 1838இல் அந்நகரப் பள்ளிக்குழு வாய்ப்பாட்டைப் பாடங்களுள் ஒன்றாக ஏற்றது. ஹங்கேரியிலும் 1868இன் பொதுக்கல்விச் சட்டமே பாட்டைப் பள்ளிப் பாடங்களின் பட்டியலில் வைத்திருந்தது. ஆயினும் பட்டியலில் இடம் பெறுவது வேறு, வகுப்பறையில் இடம் பெறுவது வேறு. பெரும்பாலான பள்ளிகளில் பாட்டு நேரம் என்பது ஆசிரியர் பாடியதைத் திரும்பப் பாடி மனனம் செய்யும் நேரமாகவே கழிந்தது. பாடப்பட்டவையும் ஜெர்மானியப் பாடநூல்களின் அச்சில் வார்க்கப்பட்டவையாக இருந்தன. இந்த இரு குறைகளையும் கண்டு, அவற்றைக் களைவதற்குத் தம் வாழ்நாளின் பின்பாதி முழுவதையும் செலவிட்டவர் சோல்தான் கோடாய்.

ஊர்ப்பாட்டிலிருந்து பள்ளிப்பாட்டுக்கு

கோடாய் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று கெச்கெமேத் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ரயில்வே அலுவலர். பணிமாற்றல் காரணமாகக் குடும்பம் இடம்பெயர்ந்தபோது, இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள கலாந்தா என்ற சிற்றூரில் அவருடைய இளமை கழிந்தது. புடாபெஸ்டில் இசையும் மொழியியலும் ஒருங்கே பயின்ற அவர், 1905இல் கலாந்தாவைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குத் திரும்பிச் சென்று உழவர் பாடிய பாடல்களைச் சேகரிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஹங்கேரிய நாட்டுப்பாடல்களின் கண்ணி அமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றதோடு, பின்னாளில் உலகப் புகழ் பெறவிருந்த பேலா பார்ட்டோக்குடன் இணைந்து இருபது நாட்டுப்பாடல்களைப் பியானோ இசையுடன் வெளியிட்டார். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைச் சுமந்துகொண்டு இருவரும் ஊர் ஊராக அலைந்து திரட்டியவை, ஹங்கேரிய நகரவாசிகள் தங்கள் இசை என்று அதுவரை நம்பியிருந்ததற்கும் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்ததற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தது என்பதை வெளிப்படுத்தின.

அந்தத் தொலைவின் ஒரு கூறு மொழியோடு தொடர்புடையது. ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லாயினும் அழுத்தம் முதல் அசையின்மேல்தான் விழும். ஆகவே அந்த மக்களின் பாட்டும் தாளத்தின் முதல் அடியிலேயே நேராகத் தொடங்கும். ஜெர்மன் மொழியிலோ சொல்லுக்கு முன் அழுத்தமற்ற சிறு சொல் ஒன்று வருவது வழக்கமாதலால், அம்மொழிப் பாடல்கள் பலவும் தாளத்துக்கு முன்பே ஓர் அரை எடுப்பெடுத்துத் தொடங்குகின்றன. அத்தகைய மெட்டில் ஹங்கேரியச் சொற்களைப் பொருத்திப் பள்ளியில் பாடவைத்தால், குழந்தை வீட்டில் பேசும் மொழியின் இயல்பான நடையே நாவில் திரிந்துபோகும். தமிழ்ப் பாட்டில் குறிலை நெடிலாக நீட்டியும் சொல்லை இடையில் முறித்தும் மெட்டுக்கு இணங்கவைக்கும்போது காது எப்படிக் கூசுமோ, அதை ஒத்தது இது. குழந்தையின் முதல் இசை அதன் தாய்மொழி இசையாகவே இருக்கவேண்டும் என்று கோடாய் வற்புறுத்தியதை வெறும் நாட்டுப்பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. மொழியியல் பயின்ற ஒருவரின் நுட்பமான செவி அதில் இருக்கிறது.

1925இல் பள்ளிச் சிறுவர் பாடுவதற்கென அவர் இயற்றிய சேர்ந்திசைகள் அரங்கேறின. சேர்ந்திசை என்பது பலர் ஒரே மெட்டைப் பாடுவதாகவும் இருக்கலாம், ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளை இசைவு கெடாமல் பாடுவதாகவும் இருக்கலாம். இரண்டாம் வகையைச் சாதாரணப் பள்ளிக் குழந்தைகளால் பாட முடிந்ததைக் கண்டபின், நாடறிந்த இசையமைப்பாளராகிய அவர் குழந்தைகளுக்கெனத் தொடர்ந்து எழுதலானார். 1929இல் வெளியான கட்டுரை ஒன்றில், தலைநகர ஓபரா அரங்கின் இயக்குநர் யார் என்பதைவிடச் சிற்றூர்ப் பள்ளியில் பாட்டுச் சொல்லித்தருபவர் யார் என்பதே நாட்டுக்கு முக்கியம் என்று வாதிட்டார். திறமையற்ற இயக்குநர் உடனே தோற்றுப்போவார், ஆனால் திறமையற்ற ஆசிரியரால் முப்பது ஆண்டுகளின் மாணவர் அனைவரிடமும் இசைப்பற்று மடிந்துபோகும் என்பது அவர் சொன்ன காரணம். பொதுப்பள்ளி இசைக்கல்வியைப் பற்றி இதைவிடத் தெளிவான வாதம் அதற்கு முன்னும் பின்னும் வைக்கப்பட்டதாகத் தோன்றவில்லை.

வகுப்பறையில் நிகழ்வது

கோடாய் முறை என்று இன்று வழங்குவது அவர் ஒருவரே வகுத்த ஒன்றன்று. கருவிகளைப் பல நாடுகளிலிருந்து அவரும் அவருடைய மாணவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றை ஒழுங்காக அடுக்கி, எந்த வகுப்பில் எதைக் கற்பிப்பது என்று வரையறுத்த ஆசிரியர் கைநூலை 1944இல் வெளியிட்டவர் அவருடைய மாணவர் யெனோ ஆதாம்.

முதற்கருவி சுரப்பெயர்கள். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குய்தோ ஓர் இலத்தீன் துதிப்பாடலின் அடிகளில் முதலசைகளை எடுத்துச் சுரங்களுக்குப் பெயரிட்டார். அவையே காலப்போக்கில் மாறி டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டி என்று ஆயின. பிரான்சிலும் இத்தாலியிலும் டோ என்பது பியானோவின் குறிப்பிட்ட ஒரு கட்டைக்கு மட்டுமே உரிய பெயர். இங்கிலாந்தில் நார்விச் நகர ஆசிரியை சாரா குளோவரும், அவர் வழியைப் பின்பற்றி ஞாயிறுப் பள்ளிகளுக்காகப் பாட்டு முறை ஒன்றை வகுத்த போதகர் ஜான் கர்வனும் இதை மாற்றினர். அவர்களுடைய முறையில் பாடுபவர் எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அதுவே டோ. மற்றவை அதனின்று அளக்கப்படும். தமிழ் வாசகருக்கு இதில் விளக்கவேண்டியது எதுவுமில்லை, ஏனெனில் கர்நாடக இசையின் ஆதார சட்ஜம் எப்போதும் அவ்வாறே இயங்கிவருகிறது. ஒரு கட்டையில் பாடினும் ஐந்து கட்டையில் பாடினும் ச என்பது ச தான். ஐரோப்பா பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக்கென மீட்டெடுத்த இந்த எளிமை, தென்னிந்தியாவில் வீட்டுத் திண்ணையிலேயே புழங்கிவந்தது.

இரண்டாவது கருவி கை. கர்வன் வகுத்த கைச்சைகைகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முத்திரை உண்டு. டோவுக்கு இறுக மூடிய கைம்முட்டி, இடுப்பின் உயரத்தில். ரேவுக்கு மேல்நோக்கிச் சாய்ந்த உள்ளங்கை. மிக்குத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்த கை. ஃபாவுக்குக் கீழே சுட்டும் கட்டைவிரல். சோவுக்கு மார்பைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் உள்ளங்கை. லாவுக்கு மணிக்கட்டிலிருந்து தொங்கும் தளர்ந்த கை. டிக்கு மேலே குத்திக் காட்டும் ஆட்காட்டி விரல். சுரம் ஏற ஏறக் கையும் உயர்கிறது. கர்நாடக இசை பயிலும் குழந்தையின் கை தாளத்தைக் கணக்கிடுகிறது. ஹங்கேரியக் குழந்தையின் கை சுரத்தின் உயரத்தைக் காற்றில் வரைகிறது. ஆசிரியர் வாய் திறவாமல் கையை மட்டும் அசைக்க, வகுப்பு முழுவதும் அதைப் பார்த்துப் பாடும். பயிற்சி முதிர்ந்தபின் அவர் இரண்டு கைகளாலும் வேறு வேறு சுரங்களைக் காட்ட, வலப்பக்கத்து வரிசைகள் ஒன்றையும் இடப்பக்கத்து வரிசைகள் மற்றொன்றையும் பாடி, இருகுரல் இசையைத் தாள் எதுவுமின்றி அந்தக் கணத்திலேயே உண்டாக்கிவிடும்.

மூன்றாவது, பிரெஞ்சுக்காரர் எமில் ஷெவேயின் மரபிலிருந்து எடுக்கப்பட்ட தாளச் சொற்கள். கால்மாத்திரைச் சுரத்துக்குத் ‘தா’, அதில் பாதிக்கு ‘தி’ என்று சொல்லிக் கைதட்டியபடி குழந்தைகள் தாளத்தைப் படிக்கிறார்கள். கொன்னக்கோலின் செறிவு இதற்கு இல்லை. அது தேவையும் இல்லை.

கருவிகளைவிட முக்கியமானது அவற்றைப் பயன்படுத்தும் வரிசை. ஆறு வயதுக் குழந்தைக்கு ஏழு சுரங்களையும் ஏணிபோல் ஏற்றிக்காட்டும் பழைய வழக்கத்தைக் கோடாயின் குழுவினர் கைவிட்டனர். முதலில் வருவன சோ, மி என்ற இரண்டே சுரங்கள். பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்கும் அந்தச் சிறு இறக்கத்தில் அமைந்த விளையாட்டுப் பாடல்களைக் குழந்தைகள் பாடத் தெரிந்தே பள்ளிக்கு வருகிறார்கள். இருவர் கைகோத்து வளைவு கட்ட மற்றவர் வரிசையாக அதனடியில் நுழைந்தோடும் விளையாட்டும், மேகத்துக்குப் பின்னிருந்து வெயிலை வரச்சொல்லிக் கூப்பிடும் பாட்டும் இங்கே பாடநூலின் முதற்பக்கங்கள். பின்னர் லா, அதன்பின் டோவும் ரேயும் சேர்ந்து ஐந்து சுரங்கள் நிறைவு பெறுகின்றன. ஃபாவும் டியும் கடைசியாகவே நுழைகின்றன. அவ்விரண்டும் அண்டைச் சுரத்தோடு அரைச்சுர இடைவெளியில் நெருங்கி நிற்பவை என்பதும், அந்த நெருக்கத்தைச் சிறுகுழந்தைகள் கூட்டமாகச் சுத்தமாய்ப் பாடுவது கடினம் என்பதும் இதற்குக் காரணம். கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான மாயாமாளவகௌளையின் சரளி வரிசையில் இத்தகைய நெருக்கங்கள் ஓர் ஏற்றத்திலேயே நான்கு வருகின்றன. ஓரிரு மாணவரை எதிரில் அமர்த்திக் காலமெல்லாம் திருத்தும் குருவுக்கு அது தடையன்று. முப்பது நாற்பது பேரை ஒரு மணி நேரத்துக்குப் பொறுப்பேற்கும் பள்ளி ஆசிரியருக்கு வேறு வழி வேண்டும். ஹங்கேரிய வரிசை அந்த நிலைமைக்கென்றே உருவானது.

ஐந்து சுரங்களைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹங்கேரியக் கிராமப் பாடல்களில் மிகப் பழைய அடுக்கு லாவில் தொடங்கி டோ, ரே, மி, சோ என்று செல்லும் ஐஞ்சுர அமைப்பைக் கொண்டது. அதைத் தமிழ்நாட்டுச் செவி சுத்த தன்யாசியின் சுர அமைப்பாகவே கேட்கும். டோவை ஆதாரமாக வைத்துப் பார்த்தால் அதே ஐந்தும் மோகனத்தின் சுரங்கள். ஒன்றின் சுரங்களை இடம் மாற்றி மற்றொன்றைப் பெறும் பண்ணுப்பெயர்த்தலை, எட்டு வயது மாணவன் பெயர் தெரியாமலேயே கைச்சைகையில் செய்துவிடுகிறான்.

வகுப்பில் பியானோவுக்குத் தலைமை இடமில்லை. ஆசிரியரின் கையில் இருப்பது ஓர் இசைக்கவை. அதைத் தட்டிச் சுருதியைக் காதோரம் கேட்டு, தொடக்கச் சுரத்தைத் தம் குரலால் கொடுப்பார். துணையில்லாமல் பாடும் குரல்கள் ஒன்றையொன்று கேட்டுத் தாமே சுருதி சேரவேண்டியிருப்பதால் செவி கூர்மையாகிறது என்பது இதன் தத்துவம். செவியைக் கூராக்கும் மற்றொரு பயிற்சியை நேரில் காண்போர் எளிதில் மறக்கமாட்டார்கள். பாதிப் பாட்டில் ஆசிரியர் ஒரு சைகை காட்டியதும் வகுப்பு சட்டென்று அமைதியாகிறது. உதடு அசையவில்லை, ஆனால் பாட்டு நிற்கவில்லை, ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த சைகையில் அனைவரும் ஒரே சொல்லில், ஒரே சுரத்தில் மீண்டும் குரலெடுக்கிறார்கள். மனத்துக்குள் ஒலியைக் கேட்கும் இந்த ஆற்றலை உட்செவி எனலாம். எழுதிய சுரத்தைப் பார்த்தவுடன் அதன் ஒலியைக் கேட்கவும், கேட்டதை எழுதவும் துணைநிற்பது இதுவே.

கெச்கெமேத் பள்ளி

1947இல் கோடாய் ‘நூறாண்டுத் திட்டம்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பொதுப்பள்ளியின் வழியாக இசை எழுத்தறிவை நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரிய உடைமையாக்குவதே அதன் நோக்கம். அது ஓர் ஆட்சிக்காலத்தில் முடிகிற காரியமன்று என்பதைத் தலைப்பே உணர்த்தியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1950இல், அவர் பிறந்த கெச்கெமேத் ஊரிலேயே மார்த்தா நெமெஷ்செகி என்ற ஆசிரியை, இசையை மையமாகக் கொண்ட தொடக்கப்பள்ளியைத் தொடங்கினார். கணக்கும் மொழியும் அறிவியலும் மற்றப் பள்ளிகளில் உள்ளவாறே இருக்க, நாள்தோறும் ஒரு பாட்டு வகுப்பு கூடுதலாக வைக்கப்பட்டது. அதோடு சேர்ந்திசைப் பயிற்சி தனி. இசைக் கலைஞர்களை உருவாக்கும் கூடமாக அது அமையவில்லை. எட்டாண்டுப் படிப்பை முடித்து மருத்துவராகவோ தச்சராகவோ போகும் ஒருவர், கையில் கிடைத்த சுரத்தாளைப் படித்துப் பாடத் தெரிந்தவராக வெளியேறவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

இதே மாதிரியில் பிற ஊர்களிலும் பாட்டுப் பள்ளிகள் எழுந்து, அறுபதுகளில் நூற்றைத் தாண்டின. அரசு அப்போது பொதுவுடைமைக் கட்சியின் கையில் இருந்தது. பாடநூல்களிலும் பாடல்களிலும் அதன் குறுக்கீடுகள் இல்லாமல் இல்லை. இருப்பினும் கோடாயின் மதிப்பை மீறி இசைவகுப்பில் கைவைப்பது அதற்கு எளிதாக இருக்கவில்லை. 1964இல் உலக இசைக்கல்விச் சங்கத்தின் மாநாடு புடாபெஸ்டில் கூடியபோது, வெளிநாட்டு ஆசிரியர்கள் சாதாரணத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் முன்பின் காணாத இசையைத் தாள் பார்த்துப் பாடியதைக் கேட்டனர். அங்கிருந்து அந்த முறை அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பரவியது. கோடாய் 1967ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று மறைந்தார். 1975இல் கெச்கெமேத்தின் பழைய பிரான்சிஸ்கன் துறவி மடத்தில் அவர் பெயரால் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டார் இன்றும் அங்கு வந்து பயில்கின்றனர்.

இவ்வளவு புகழ்பெற்ற திட்டத்தை அளந்து பார்க்கும் ஆவலில் உளவியலாளர்களும் கெச்கெமேத்துக்கு வந்தார்கள். எழுபதுகளில் இலோனா பார்கோட்சி, ச்சாபா ப்ளே ஆகிய இருவரும் இசைப் பள்ளிக் குழந்தைகளையும் பிற பள்ளிக் குழந்தைகளையும் சில ஆண்டுகள் ஒப்பிட்டு, எளிய குடும்பத்துக் குழந்தைகளின் ஆக்கத்திறனில் இசைக்கல்வி நல்ல மாற்றம் விளைவிப்பதாக எழுதினர். இத்தகைய முடிவுகளைக் காட்டி, பாட்டுக் கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று வாதாடும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்த வாதம் இசைக்குத் தீங்கே செய்யும். கணக்கில் மதிப்பெண் கூட்டுவதுதான் இசையின் பயன் என்றால், அந்த நேரத்தில் கணக்கையே கூடுதலாகக் கற்பிக்கலாம் என்று கல்வி அதிகாரி சொல்வதற்கு மறுமொழி இல்லாமற்போகும். இலக்கியம் வரலாற்றுக்கு உதவும் என்பதற்காகக் கற்பிக்கப்படுவதில்லை. இசையும் தன் காலிலேயே நிற்கத் தக்கது.

இரண்டு கால அட்டவணைகள்

புகழுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. நாள்தோறும் பாட்டு என்பது சிறப்புப் பாட்டுப் பள்ளிகளில் மட்டுமே நடைமுறையாயிற்று. நாட்டின் மிகப் பெரும்பாலான குழந்தைகள் படித்த சாதாரணப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு வகுப்புகளே சிறந்த நிலை. மேல்வகுப்புகளில் அது ஒன்றாகக் குறைவது வழக்கமாயிற்று. வாரத்தில் ஒருமுறை நாற்பத்தைந்து நிமிடம் சந்திக்கும் ஆசிரியர், சென்ற வாரம் கற்பித்ததை நினைவூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. உட்செவி போன்ற ஓர் ஆற்றல் இடைவிடாப் பழக்கத்தால் மட்டுமே வளர்வது. ஆறு நாள் இடைவெளியில் அது வாடிவிடும். அதே பாடல்கள், அதே கைச்சைகைகள், அதே பாடநூல் வரிசை, ஆனால் விளைவு வேறு. முறையில் கோளாறு என்று குறைகூறியவர்கள் உண்மையில் கண்டது நேரத்தின் பற்றாக்குறையையே.

பாட்டுப் பள்ளிகளிலும் பிழை நேராமல் இல்லை. சேர்க்கையின்போது குழந்தையின் பாடும் திறனைச் சோதிக்கும் வழக்கம் புகுந்ததும், வீட்டில் இசைச் சூழல் உள்ள, படித்த பெற்றோரின் பிள்ளைகளே அவற்றில் மிகுந்தனர். இசை எல்லோர்க்கும் உரியதாகட்டும் என்று தொடங்கிய இயக்கம், தன் மிகச் சிறந்த வகுப்பறைகளைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஒதுக்கியது. கோடாயின் நோக்கத்துக்கு இதைவிட முரணானது வேறில்லை. ஆட்சி மாறிய 1989க்குப் பின் பாட்டுப் பள்ளிகளின் எண்ணிக்கை குறைந்தது. நாட்டுப்பாடல்கள் இன்றைய நகரக் குழந்தைக்கு அந்நியமாகிவிட்டன என்ற குறையும் எழுந்தது. கிராமத்தில் உழவர் வாயிலிருந்து எடுக்கப்பட்ட பாடல், அந்தக் கிராமமே மாறிவிட்ட பிறகும் குழந்தையின் தாய்மொழி இசையாகுமா என்பது எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. ஆயினும் சொல்லழுத்தமும் விளையாட்டும் மாறாதவரை அப்பாடல்களின் பயன் தீர்ந்துவிடவில்லை என்பதே சரியான விடையாகப் படுகிறது. ஊஞ்சலாடும் குழந்தைக்கு ஊஞ்சல்பாட்டு எந்த நூற்றாண்டிலும் பழையதாவதில்லை.

2016இல் யுனெஸ்கோ, கோடாயின் கொள்கை வழியாக நாட்டார் இசையைப் பாதுகாக்கும் ஹங்கேரியின் முயற்சியை, மரபுகளைக் காக்கும் நற்செயல்முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 2012ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹங்கேரிய அரசு புதிய பொதுக்கல்விச் சட்டத்தின்படி உடற்கல்வியை எல்லாப் பள்ளிகளிலும் நாள்தோறும் கட்டாயமாக்கத் தொடங்கியது. குழந்தையின் உடல் வாரம் ஒருநாள் பயிற்சியால் வலுப்பெறாது என்ற காரணத்தை ஏற்று, கால அட்டவணையில் வாரத்துக்கு ஐந்து வகுப்புகளை அதற்கென ஒதுக்க அந்த அரசால் முடிந்தது. செவிக்கும் குரலுக்கும் அதே காரணம் பொருந்தும். நாள்தோறும் ஒரு பாட்டு வகுப்பு என்பதை ஹங்கேரியின் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கும் ஆணையை, கெச்கெமேத் பள்ளி தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், எந்த அரசும் பிறப்பிக்கவில்லை.